மாத்திரை தீர்ந்துபோகும் நாள்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில், அருப்புக்கோட்டைக்கு முன்னால் வரும் ஊர் காரியாபட்டி. விருதுநகர் மாவட்டத்தின் வடக்கு ஓரம், மானாவாரிப் பூமி. மழை தப்பினால் வடக்கே மதுரைக்கோ, தெற்கே விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கமோ வேலை தேடிப் போக வேண்டியதுதான். இந்த வட்டாரத்தில் நோய் என்று பேச்செடுத்தால் பட்டாசு ஆலைத் தீக்காயம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஊருக்கு ஊர் இருந்தும் வெளியே சொல்லப்படாத நோய்கள் வேறு: வலிப்பு, மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, படுத்தால் எழ முடியாதபடி அழுத்தும் மனச்சோர்வு. இவற்றைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் நம்மிடம் இருக்கின்றன. பல அரை நூற்றாண்டுக்கு முந்தியவை. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்து, இந்திய நிறுவனங்கள் மலிவாகத் தயாரிப்பவை. அப்படியிருந்தும் குடும்பங்கள் குலைகின்றன. தொடங்கிய மருந்து நடுவில் அறுந்துபோவதே அதற்குப் பெரிய காரணம். அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அதை ஏற்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம். மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்பாலும் வேதிப்பொருட்களாலும் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. அவற்றில் ஒரு கூட்டம் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் துடித்தால் அது வலிப்பு. 1912 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்படும் ஃபீனோபார்பிட்டால், அணுக்களை அமைதிப்படுத்த மூளை தானே சுரக்கும் வேதிப்பொருளுக்கு வலுச் சேர்க்கிறது. 1938இல் வந்த ஃபெனிட்டாயினும் பிறகு வந்த கார்பமசெபைனும், அணுச்சுவரில் சோடியம் நுழையும் வாயில்களைக் கட்டுப்படுத்தித் துடிப்பு பரவாமல் தடுக்கின்றன. மனநோய் மருந்துகள் இன்னும் பிந்தியவை. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்ற எளிய உப்பு மட்டுமீறிய மனவெழுச்சியைத் தணிப்பதை எழுதினார். அறுவைச் சிகிச்சை மயக்கத்துக்குத் துணையாக வந்த குளோர்புரோமசைன், 1952இல் பாரிஸ் மனநல மருத்துவமனையில் கொடுக்கப்பட்டபோது, காதில் கேட்ட குரல்களும் காரணமற்ற பயங்களும் அடங்கின. காசநோய்க்காகத் தயாரித்த ஐப்ரோனியசிட் நோயாளிகளின் முகத்தில் தெளிவைக் கொண்டுவந்ததிலிருந்து மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு தொடங்கியது. பல மருந்துகள் இப்படித் தற்செயலாகக் கிடைத்தவை. இவை எதுவும் நோயை வேரோடு பிடுங்குவதில்லை. உடம்பில் போதிய அளவு இருக்கும்வரைதான் காவல் காக்கும்.

அந்தக் காவல் எவ்வளவு வலுவானது என்பதற்கு உறுதியான கணக்கு உண்டு. மனச்சிதைவு உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012இல் லான்செட் இதழில் ஒரு அலசல் வெளியானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 27 சதவீதம். மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 சதவீதம். சரியாகக் கண்டறிந்து சிகிச்சை கொடுத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் இந்த இரு நோய்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஃபெனிட்டாயின் அளவு ஏறக்குறைய ஒரு நாளில் ரத்தத்தில் பாதியாகிவிடும். இரண்டு மூன்று நாள் தவறினாலே வலிப்பு திரும்பலாம். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத, உயிருக்கே ஆபத்தான வலிப்பாகவும் அது வரலாம். மனச்சிதைவில் தண்டனை தாமதமாக வருகிறது. மாத்திரையை விட்ட முதல் வாரம் ஒன்றும் ஆகாது. சோம்பல் குறைந்து ஆள் சுறுசுறுப்பாகக்கூடத் தெரிவார். வீட்டார் குணமாகிவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். சில வாரங்களோ சில மாதங்களோ கழித்துத் தூக்கம் கெட்டு, சந்தேகம் முளைத்து, பழைய குரல்கள் திரும்பும்போது, அன்று நிறுத்திய மாத்திரைக்கும் இன்று வந்த நிலைக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் நினைவில் இருக்காது.

மாத்திரை எப்படி விட்டுப்போகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்றால் முப்பது நாளுக்குத் தொண்ணூறு மாத்திரை, ஒன்பது அட்டை. மஞ்சள் பையில் போட்டு வீட்டு மாடத்தில் வைத்தாயிற்று. முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமையலாம். மனநல மருத்துவர் வரும் நாள் வாரத்தில் ஒன்றாக இருக்கலாம். தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் என்றால் பட்டாசு ஆலைகளில் வேலை மும்முரம். வருஷச் செலவுக்குக் கையில் காசு சேரும் காலம் அது ஒன்றுதான். துணைக்கு ஒருவர் போக வேண்டும் என்றால் இரண்டு பேரின் கூலி போகும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய ஆறுதல்தான், ஆனால் போன நாளின் சம்பளத்தை அது ஈடுகட்டாது. ‘அடுத்த வாரம் போயிக்கலாம்’ என்று ஒரு வாரம் தள்ளுகிறார்கள். அதே மாதங்களில் வீட்டிலிருந்தபடி இரவு வெகுநேரம் கண்விழித்து வேலை பார்க்கிறவர்களும் உண்டு. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும். மாத்திரையும் இல்லை, தூக்கமும் இல்லை என்று இரண்டும் சேரும் வாரம் அது. இதைக் குடும்பத்தின் அலட்சியம் என்று எழுதிவிடுவது சுலபம். மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலப் பிரச்சினைகளுக்குச் சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கை, நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை என்று காட்டியது. பத்தில் ஏழு பேருக்கு மேல் விடுபடுகிறார்கள் என்றால் கோளாறு அமைப்பில் இருக்கிறது.

சிகிச்சை கைக்கெட்டாத குடும்பம் நோயாளியை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டமே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவரும் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. ஊரில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு வேறு வழி தெரியாமல் போனவர்கள் அவர்களில் பலர் இருந்திருப்பார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. 2017இல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. சங்கிலியால் கட்டுவதை அது தடைசெய்கிறது. அதன் 18ஆம் பிரிவைத்தான் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் எல்லாம், அரசின் சமூக சுகாதார நிலையங்களிலும் அதற்கு மேற்பட்ட மருத்துவமனைகளிலும், எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நல்ல சட்டம். ஆனால் அதன் உறுதிமொழி சமூக சுகாதார நிலையத்தோடு நின்றுவிடுகிறது. ஆவியூரிலும் முடுக்கன்குளத்திலும் மல்லாங்கிணரிலும் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் உள்ள இடம் அதற்கும் கீழ்ப் படியில் இருக்கிறது.

கீழ்ப் படிவரை கொண்டுபோனால் பலன் இருக்குமா? இருக்கும் என்பதற்குச் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. சீனக் கிராமங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒரு திட்டம் நடந்தது. அடிப்படை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வலிப்பு உள்ள 2,455 பேருக்கு ஃபீனோபார்பிட்டால் ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடித்தவர்களில் 68 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு அடியோடு நின்றது. நமக்கு இன்னும் அருகே, கர்நாடகத்தின் யெலந்தூர் கிராமங்களில் நரம்பியல் மருத்துவர் கே.எஸ்.மணியின் குழு, ஃபீனோபார்பிட்டால், ஃபெனிட்டாயின் என்ற இரண்டே பழைய மாத்திரைகளை வைத்துக்கொண்டு கிராமத்திலேயே வலிப்பைக் கட்டுக்குள் கொண்டுவரலாம் என்று காட்டியது. மனச்சிதைவுக்கும் தமிழ்நாட்டுச் சான்று உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் பங்கேற்ற ஓர் ஆய்வு 2014இல் லான்செட்டில் வந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து கவனித்தால் என்ன ஆகும் என்று கோவா, மகாராஷ்டிரம், தமிழ்நாடு மூன்றிலும் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் நடுத்தரமானதுதான். ஆனால் நம் கிராமங்களில்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. மனநல மருத்துவர் எட்டாத இடத்தில் வீட்டுக்கு வரும் ஒரு பணியாளர் எவ்வளவு பெரிய துணை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய வேலையும் இல்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறையை மற்ற மாநிலங்கள் வந்து படித்துவிட்டுப் போயின. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கிடங்கும் இருக்கிறது, வழியும் இருக்கிறது, வீட்டை அறிந்த பெண் பணியாளரும் இருக்கிறார். சர்க்கரை நோயாளிக்கு மெட்ஃபார்மின் கொண்டுபோகும் அதே பையில், பக்கத்து வீட்டுப் பையனின் வலிப்பு மாத்திரையும் உறுதியாக இருக்க வேண்டும் என்பது அளவுக்கு மீறிய ஆசை ஆகாது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது: இந்த மருந்துகள் அடிமையாக்கிவிடும், ஆளை மந்தமாக்கிவிடும். பழக்கமாகும் ஆபத்து உண்மையிலேயே உள்ளவை அல்பிரசோலம், டயசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். அவற்றைச் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கி வருஷக்கணக்காகப் போடுவது தவறு, விற்பதும் குற்றம். மனச்சிதைவு மருந்தோ, லித்தியமோ, மனச்சோர்வு மருந்தோ அந்த வகை இல்லை. அவற்றுக்காக யாரும் ஏங்கித் திரிவதில்லை, போதைக்காக அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் இல்லை. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சில நாள் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம்; அதனால்தான் மருத்துவர் மெதுவாகக் குறைக்கச் சொல்கிறார். ‘மாத்திரை போட்டா புள்ள மந்தமா ஆயிடுறான்’ என்று தாய்மார் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மந்தம் பெரும்பாலும் அளவின் விளைவு. அளவைக் குறைக்கலாம், இரவு வேளைக்கு மாற்றலாம், வேறு மருந்துக்கும் போகலாம். தினம் மாத்திரை போட மறுப்பவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. இதையெல்லாம் செய்ய மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொலைவில் இருப்பவரை அடிக்கடிப் பார்க்க முடியாததால்தான் குடும்பம் தானே நிறுத்திவிடுகிறது.

பக்கவிளைவு என்ற மறுப்பு இன்னும் கனமானது. அதை மூடிமறைக்கக் கூடாது. இந்த மண்ணுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வெயிலில் வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுக்கம் கூடும், வாந்தி, தள்ளாட்டம், குழப்பம் வரும். மனநோய் மருந்தால் வரும் விறைப்புக்காகக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைக் குறைப்பதால், கோடையில் உடம்புச் சூடு தணியாமல் வெப்பத்தாக்கு வரலாம். சித்திரை வெயிலில் காட்டு வேலைக்கோ, தகரக் கூரைக்குக் கீழே வேலைக்கோ போகிற ஒருவரிடம் இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுப்பது பாதி வைத்தியம். கார்பமசெபைன் தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலோடு தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே ஓட வேண்டும். வால்புரோயேட் இன்னும் கடுமையான விஷயம். கர்ப்பத்தில் இதை உட்கொண்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரும். மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியில் தடை ஏற்படலாம். பெண்கள் பெருமளவில் உழைக்கும் ஒரு வட்டாரத்தில், கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்கு வேறு மருந்து சரிப்படுமா என்று பார்க்காமல் இதை எழுதிக்கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே சாப்பிடும் பெண்ணும் பயந்து ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். இவ்வளவு கண்காணிப்பு தேவைப்படுகிற மருந்துக்குக் கண்காணிக்கும் இடம் தொலைவில் இருக்கலாமா? பக்கவிளைவு என்பது மருந்தைக் கைவிடுவதற்கான காரணம் அல்ல, மருந்தகத்தையும் ரத்தப் பரிசோதனையையும் பக்கத்தில் கொண்டுவருவதற்கான காரணம்.

நம் நாட்டு வைத்தியம் இருக்க இங்கிலீஷ் மருந்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் பிரிக்கப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தின. ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் ரெசர்ப்பின் கொடுத்த முயல்கள் அசைவற்றுப்போவதையும், லெவோடோபா கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலை அப்படித்தான் புரிந்தது. நடுக்குவாதத்துக்கு லெவோடோபா மருந்தானதும் அந்தப் பாதையில்தான். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் லெவோடோபா உண்டு. ஆனால் ரெசர்ப்பின் சிலரை மனச்சோர்வில் தள்ளியது, ரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கியது. மேலான மருந்து வந்ததும் விலகியது. மருந்து எந்த மண்ணில் பிறந்தது என்பது முக்கியமில்லை. அளவு தெரிகிறதா, தீமை தெரிகிறதா, பலன் சோதிக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நிறுத்தச் சொல்லவும் வேண்டியதில்லை. ஏர்வாடி தர்காவிலேயே இன்று துவாவோடு மருந்தும் கொடுக்கும் மருத்துவப் பிரிவு இருக்கிறது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாத்திரையையும் விழுங்கலாம். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பதைத்தான் விட வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் போடாமல், மணி பார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். வறட்சிக்கும் கடனுக்கும் குடிக்கும் மாத்திரை ஈடாகுமா என்று கேட்கிறார்கள். ஆகாது. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பட்டாசு ஆலை விபத்துக்கோ, 2024 மே 1இல் ஆவியூர் அருகே கல்குவாரி வெடிபொருள் கிடங்கு வெடித்ததற்கோ பின்னால் நின்ற குடும்பங்களின் துக்கம் நோய் இல்லை. அப்படிப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகான முதல் மாதத்தில் தூக்க மாத்திரை வகைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013இல் வழிகாட்டியது. அவர்களுக்கு வேண்டியது இழப்பீடும், ஆட்களின் துணையும், பாதுகாப்பான ஆலையும். ஆனால் வறுமைக்கு மாத்திரை இல்லை என்பதால், வறுமையில் இருப்பவரின் மனச்சிதைவுக்கும் மாத்திரை வேண்டாம் என்று ஆகிவிடாது. வேலையும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததே. வலிப்பு உள்ளவர் மணிமருந்து கலக்கும் அறையில் இருக்கக் கூடாது; அது அவருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. அதற்காக ஆலையை விட்டே விரட்டினால் அடுத்தவர் நோயை மறைத்துக்கொண்டு அதே அறைக்குள் போவார். குழாய் உருட்டவும், லேபிள் ஒட்டவும், வெற்றுப் பெட்டி மடிக்கவும் வேதிப்பொருள் இல்லாத இடங்கள் இருக்கின்றன.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு இந்த மருந்துகள் தெரியுமா என்ற ஐயமும் நியாயமானது. நோயைக் கண்டறிந்து மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, சிக்கலான நோயாளியைப் பார்ப்பது எல்லாம் சிறப்பு மருத்துவர் வேலை. அதற்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் 2022இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. நிலைப்பட்ட நோயாளிக்கு அதே சீட்டை மாதாமாதம் தொடர்வதற்குக் குறுகிய பயிற்சி போதும். சிறப்பு மருத்துவர் இல்லாத இடங்களுக்கான எளிய வழிகாட்டியை உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே வெளியிட்டிருக்கிறது.

உங்கள் ஊராட்சியில் அடுத்த கிராம சபை கூடும்போது ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: வலிப்புக்கும் மனநோய்க்குமான அடிப்படை மாத்திரைகள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், நிலைப்பட்ட நோயாளிக்கு இரண்டு மாத மருந்தாகக் கொடுக்க வேண்டும், வர முடியாதவருக்கு வீட்டுக்கே வர வேண்டும். நோயாளியின் பெயரை யாரும் சபையில் சொல்லத் தேவையில்லை. அதுவரை, வீட்டில் யாராவது இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். மனம் தொடர்பான சந்தேகம் எதுவானாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல், தமிழிலேயே கேட்கலாம்.